சிவப்பு நூல் கட்டிய பெட்டி

மகளே,

என் போனை நீ எடுக்காமல் இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. உன் அம்மா கூப்பிட்டால் எடுக்கிறாய். சரிதான், கோபப்பட உனக்குக் காரணம் இருக்கிறது. நேரில் பேசினால் நீ வக்கீல், நான் தோற்றுப் போவேன். தோற்பதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் பாதியில் தோற்றுவிட்டால், சொல்ல வந்ததில் மீதி தொண்டையிலேயே நின்றுபோகும். அதனால்தான் எழுதுகிறேன். இதில் உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவருடைய பெயர் இருக்காது. உன் பெயரும் இருக்காது, நம் ஊர்ப் பெயரும் இருக்காது. சேரன்மாதேவிக்கும் முக்கூடலுக்கும் நடுவில் ஆற்றை ஒட்டி ஒரு முடிதிருத்தும் கடை என்பது போதும். நீ படித்துவிட்டு இதை யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். ஆனால் முதலில் அவரிடம் கேள். அவர் சரி என்றால் காட்டு, இல்லை என்றால் கிழித்துப் போடு. இவ்வளவு ஜாக்கிரதை எதற்கு என்று போகப் போகப் புரியும்.

அவர் முதல் முறையாக நம் வீட்டுக்கு வந்த அந்தச் செவ்வாய்க்கிழமையை நான் எத்தனையோ தடவை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். கடைக்கு விடுமுறை நாள். கங்கைகொண்டானில் அவர் வேலை பார்க்கும் கம்பெனியில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார். நீ பக்கத்தில் உட்கார்ந்து விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாய். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் நேராகவே சொன்னார். "மாமா, கல்யாணத்துக்கு முந்தி நீங்க தெரிஞ்சுக்கிடணும். எனக்குப் பொறந்ததுலேருந்து எச்.ஐ.வி. இருக்கு. அம்மா அப்பா ரெண்டு பேரும் அதுலதான் போனாங்க. நாங்குநேரி அத்தைதான் வளத்தாங்க. மாத்திரை விடாம சாப்பிடுதேன். ரத்தத்துல வைரஸ் தெரியாத அளவுக்குக் கொறஞ்சு வருசக்கணக்காச்சு. அவளுக்குப் பரவாது. டாக்டரு எழுதிக் குடுத்திருக்காங்க, பாக்கேளா?" அவர் நீட்டிய காகிதத்தை நான் வாங்கவில்லை. என் கை உன் அம்மா பீடி சுற்றும் தட்டின் மேல் இருந்தது, அங்கேயே இருந்தது. உன் அம்மாதான் வாயைத் திறந்தாள். "அந்த மாத்திரைய வெறும் வயித்துல திங்கணுமா தம்பி, சாப்ட்டுட்டா?" என்றாள். அவர் சிரித்துவிட்டார். "எப்பிடின்னாலும் சரிதான் அத்தை" என்றார். அவர் குடித்த டம்ளரை அவள் எடுத்துக்கொண்டு போனபோது, அதை எங்கே வைக்கிறாள் என்று என் கண் பின்னாலேயே போனது. கழுவி, மற்ற டம்ளர்களோடு கவிழ்த்து வைத்தாள். நான் பார்த்ததை நீ பார்த்தாய். எனக்குத் தெரியும்.

அதன் பிறகு அவர் கேட்டதுதான் உன்னையும் என்னையும் பிரித்தது. "மூத்த மாப்பிள்ளைக்கு நீங்கதான் சவரம் பண்ணி விட்டீங்களாம்ல மாமா. எனக்கும் பண்ணி விடுவீங்களா?" என்றார். நான் "பார்ப்போம்" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நீ எழுந்து வெளியே போய்விட்டாய்.

மற்றவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளைச் சவரம் என்றால் நம் ஆள் ஒருவன் போய், குனிந்து, வேலையை முடித்து, வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொண்டு பின்பக்கமாக வருவான். நம் குடும்பத்தில் அப்படி இல்லை. பெண்ணைப் பெற்றவன்தான் கத்தியை எடுப்பான். பந்தலில் பலகை போட்டு மாப்பிள்ளையை உட்கார வைத்து, சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சுற்றி நிற்க, மாமனார் முதல் கத்தி வைப்பார். நிற்கிறவர்கள் எல்லாரும் இதே தொழில்காரர்கள். நுரை சரியாக வந்ததா, கத்தி எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்று ஒவ்வொருவனும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். அவர் வேறு சாதி. அவர்கள் வழியில் இந்தச் சடங்கு இல்லை. அப்பா இல்லாத பிள்ளை, நம் வழக்கத்தில் தானும் ஒருவனாக வேண்டும் என்றுதான் கேட்டார். அதற்குத்தான் நான் "பார்ப்போம்" என்றேன்.

இரண்டு நாள் கழித்து ஜங்ஷன் கடைத்தெருவுக்குப் போனேன். புதுக் கத்தி, புது பிரஷ், புதுக் கிண்ணம், வெள்ளைத் துண்டு என்று எல்லாம் நல்ல சரக்காகப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தேன். வாசலில் பீடி சுற்றிக்கொண்டிருந்த உன் அம்மா பையை எட்டிப் பார்த்தாள். "இதெல்லாம் எதுக்கு?" "கல்யாணத்துக்கு." அவள் கை நிற்கவில்லை, இலையைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். "மூத்தவ கல்யாணத்துக்கு எங்க வாங்குனிய? அன்னைக்குக் கடைக் கத்திதான?" நான் பையைக் கடையில் கொண்டுபோய் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். நோய் பரவிவிடும் என்று நான் பயப்படவில்லை. பிளேடை ஆளுக்குப் புதிதாக மாற்றுகிறவனுக்கு அந்தப் பயம் எதற்கு? ஆனாலும் என் கால் தானாகவே கடைக்கு நடந்து தனியாக ஒரு செட் வாங்கியிருக்கிறது. அதே காரியத்தை இன்னொரு முறை செய்திருக்கிறேன். முதல் முறை செய்தது உனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கே போன வாரம்தான் சொன்னேன்.

நம் கடைக்கு எதிரில் தையல்கடை வைத்திருந்தவரை நீ மறந்திருக்க மாட்டாய். அவர் மகளும் நீயும் எட்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சு, ஒரே சைக்கிள். அந்தச் சமயத்தில் முடிதிருத்துவோருக்கு என்று பாளையங்கோட்டையில் ஒரு விழிப்புணர்வு வகுப்பு நடத்தினார்கள். நானும் போயிருந்தேன். ஒருவருக்குப் போட்ட பிளேடை அடுத்தவருக்குப் போடாதே என்றார்கள். நான் ஏற்கெனவே பிளேடை இரண்டாக ஒடித்து ஆளுக்குப் பாதி என்று போட்டுக்கொண்டிருந்தவன்தான். ஒரு படமும் கொடுத்தார்கள், எச்.ஐ.வி. உள்ளவர்களை ஒதுக்காதீர் என்று போட்டிருந்தது. அதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். ஊரில் வேறு எந்தக் கடையிலும் அது கிடையாது என்று எனக்கு உள்ளூரப் பெருமை. தையல்காரர் முடி வெட்ட உட்காரும்போதெல்லாம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு மத்தியானம் கடையில் யாரும் இல்லை. கன்னம் முழுக்க நுரையோடு கேட்டார்.

"அண்ணாச்சி, அந்தப் படத்துல போட்டிருக்கது நெசமா?"

"எது?"

"ஒதுக்கக் கூடாதுன்னு."

"நெசந்தான் வே. பொய்யையா ஒட்டுவேன்?"

"அப்ப சொல்லுதேன். பைய பண்ணும், வெட்டிராதீரு. எனக்கு இருக்கு."

நான் பாக்கிச் சவரத்தை முடித்தேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கைப் போன வாரம் உன் அம்மாவிடம் சொல்லும் வரை காப்பாற்றினேன் என்று நானே எனக்கு ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதுவரை ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மறுநாள் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துச் சுத்தம் செய்தேன். அதில் ஒரு கத்தி, ஒரு சீப்பு, ஒரு கத்திரிக்கோல், ஒரு பிரஷ், ஒரு துண்டு போட்டு, மற்றதோடு கலந்துவிடாமல் இருக்கச் சிவப்பு நூல் கட்டி, கண்ணாடிக்கு மேல் தட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒதுக்கவில்லை பார், அவருக்கென்றே தனியாக வைத்திருக்கிறேன் என்பது என் எண்ணம். மரியாதை செய்வதாகவே நினைத்தேன். அடுத்த முறை வந்தபோது, நான் அந்தப் பெட்டியை இறக்குவதை அவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்ததை நான் நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

இதில் கேவலம் என்ன தெரியுமா? தனி என்றால் என்ன என்று தெரியாதவன் இல்லை நான். உன் தாத்தா ஒரு பெரிய வீட்டில் மூன்று தலைமுறைக்குச் சவரம் செய்தவர். அந்த வீட்டு மாட்டுக்கொட்டிலில் ஒரு ஆணியில் அலுமினிய டம்ளர் தொங்கும். காப்பியை உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். குடித்துவிட்டு அவரே கழுவி, அதே ஆணியில் மாட்டிவிட்டு வர வேண்டும். ஒருநாள் நான் கூடப் போயிருந்தேன். "நல்ல மனுசங்கலே, நமக்குன்னே தனியா ஒண்ணு வச்சிருக்காங்க பாரு" என்று அவர் என்னிடம் சொன்னார். கேலியாகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். அதே பெரிய வீட்டுக்காரர்கள் சொன்னார்கள் என்பதற்காக, ஊருக்குத் தெற்கே இருந்த ஜனங்களுக்கு அவர் ஒருநாளும் முடி வெட்டியதில்லை. மேலே வாங்கிய அடியை அப்படியே கீழே இறக்கினார். எனக்கு அந்த டம்ளரைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். யார் வந்தாலும் என் நாற்காலியில்தான் உட்கார வேண்டும் என்றுதான் நான் பஜாரில் கடை போட்டேன். முதல் வாரமே தெற்குத் தெரு ஆட்கள் இரண்டு பேருக்கு வெட்டினேன். மூன்று பெரிய மனிதர்கள் வருவதை நிறுத்தினார்கள், போங்கள் என்று விட்டேன். அவ்வளவு ரோஷம் உள்ளவன்தான் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்திருந்தேன். சாதிக்குத் தனி டம்ளர் அநியாயம் என்று ஊரெல்லாம் பேசியவனுக்கு, நோய்க்குத் தனிப் பெட்டி என்ன என்று உறைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை நிறைய ஆள். தையல்காரர் சவரம் முடித்து எதிரே போய்விட்டார். நான் பெட்டியைக் கட்டி மேலே வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். நம் மளிகைக்கடைக்காரர் பேப்பரை மடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"என்னவே, தையக்காரருக்கு மட்டும் தனிப் பொட்டி? தங்கக் கத்தி ஏதும் கெடக்கோ உள்ள?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "அவருக்குத் தோல் அலர்ஜி அண்ணாச்சி. வேற கத்தி பட்டா தடிச்சிரும்."

"அலர்ஜி அவருக்குல்லா? நீரு எதுக்குவே டெட்டால்ல கையக் கழுவுதீரு?"

இன்னும் பெரிய சிரிப்பு. அவர் நகைச்சுவையாகத்தான் கேட்டார், அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு ஆள் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு தனியார் கிளினிக்கில் கம்பவுண்டராக இருந்தவர். அவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். மேலே பெட்டியைப் பார்த்தார். பிறகு வாசல் வழியாக எதிர்க் கடையைப் பார்த்தார். நான் ஈரக் கையோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்காமலே ஊருக்கே சொல்லி முடித்தேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ஊசி விரலில் குத்தி ரத்தம் துணியில் பட்டுவிட்டால் என்ன செய்வது என்று யாரோ கேட்டார்களாம், பள்ளிக்கூடச் சீருடை வேலை போனது. வீட்டுக்காரர் தன் மகனுக்கு வீடு வேண்டும் என்றார். அவருக்கு மகனே கிடையாது. உன் தோழியைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார்கள். ஒருநாள் காலையில் எதிர்க் கடையின் ஷட்டர் திறக்கவில்லை. "அப்பா, அவ ஏன் வரல?" என்று நீ மூன்று நாள் கேட்டாய். "திருப்பூர்ல நல்ல வேலை கெடச்சிருக்காம்ளா" என்றேன். நீ அவளுக்கு ஒரு கடிதம் எழுதி, விலாசம் விசாரித்து அனுப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தாய். அதை மேசை டிராயரில் பிளேடுக் கட்டுக்கு அடியில் வைத்தேன். நீ பத்தாவது முடித்தாய், சட்டம் படித்தாய், மதுரைக்குப் போனாய். கடிதம் அங்கேயே கிடந்தது. பெட்டியைத்தான் அவர் போன மறுநாளே ஆற்றில் கொண்டுபோய் எறிந்தேன்.

அப்போது சட்டம் இல்லை. இப்போது இருக்கிறது. நீதான் போன பொங்கலுக்கு வந்தபோது கடை பெஞ்சில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினாய். எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக வேலையிலிருந்து நீக்கக்கூடாது, வாடகை வீட்டை மறுக்கக்கூடாது, பள்ளியில் ஒதுக்கக்கூடாது, ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பக்கூடாது, சம்மதம் இல்லாமல் சோதிக்கக்கூடாது, சம்மதம் இல்லாமல் அடுத்தவருக்குச் சொல்லக்கூடாது. நல்ல சட்டம். ஆனால் அது இருக்கிறது என்று நீ வாசித்தபோது கடையில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. நீ ஊருக்குப் போன பிறகு நான் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போய், இந்தச் சட்டத்தின்படி புகார் கொடுப்பதென்றால் யாரிடம் கொடுப்பது என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். "எந்தச் சட்டம்?" என்று திருப்பிக் கேட்டார்கள். பாபநாசத்திலிருந்து ஆறு கடலில் விழுகிற இடம் வரைக்கும் எத்தனை பேர் மாத்திரையைச் சட்டைப்பைக்குள் மறைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறார்களோ தெரியாது. அவர்களுக்காக எழுதப்பட்ட சட்டம் அவர்களுக்கே தெரியாமல் இருக்கிறது. சிகிச்சை தருவது பற்றிய இடத்தில் "இயன்றவரை" என்று ஒரு வார்த்தை இருக்கிறது, அதை எடுக்கச் சொல்லித்தான் நீயும் உன் நண்பர்களும் மனு தயாரிக்கிறீர்கள் என்றாய். "ஒரு வார்த்தைக்கா இவ்வளவு பாடு?" என்று கேட்டேன். "அந்த ஒரு வார்த்தையிலதான்ப்பா தப்பிச்சுப் போவாங்க" என்றாய். அன்று புரியவில்லை.

தையல்காரர் திருப்பூரில் இல்லை, திசையன்விளையில் கடை வைத்திருக்கிறார் என்பது எனக்கு ஆறு வருடமாகத் தெரியும். பட்டன் வியாபாரி ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். ஆறு வருடமும் நான் போகவில்லை. போன செவ்வாய்க்கிழமை போனேன். ஒரு சட்டைத் துணியையும் உன் பழைய கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, நாங்குநேரியில் பஸ் மாறி, செம்மண்ணும் பனையுமாக வரும் அந்த வழியில் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே போனேன். சின்னக் கடை, இரண்டு மெஷின். ஒன்றில் அவர், ஒன்றில் அவர் மனைவி. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நேற்று எதிர்க் கடையிலிருந்து வந்தவனை அழைப்பது போல, "வாரும் அண்ணாச்சி" என்றார். அவர் மனைவி தலையைத் தூக்கவில்லை. அந்த அம்மாவின் காலடியில் மெஷின் வேகமாக ஓட ஆரம்பித்தது.

"எப்பிடி இருக்கீரு?" என்றேன்.

"இருக்கேன். மாத்திரையும் தையலும் நிக்காம ஓடுது. உமக்கு என்னவே தலையில ஒண்ணையும் காணும்? ஊருக்கெல்லாம் வெட்டுன ஆளு, உமக்குக் கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கக் கூடாதா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்தப் பொட்டி..." என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பொட்டி தப்புன்னு இப்பத்தான் தெரிஞ்சுதா?"

"அன்னைக்கே தெரியும்."

"பொறவு எதுக்கு இப்ப வாரீரு? இத்தன வருசம் கழிச்சு?"

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். உண்மையான காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தையல்காரருக்கும் அதே நோய்தான், சொன்னால் சந்தோஷம்கூடப் படலாம். ஆனால் அது நான் சொல்ல வேண்டியது இல்லை. "காரணம் இருக்கு. சொல்ல முடியாது" என்றேன். அவர் துணியை மெஷினிலிருந்து எடுத்து மடித்தார். பிறகு மெல்லச் சிரித்தார். "யாரு ரகசியத்தையோ காப்பாத்தக் கத்துக்கிட்டீரு போல. அந்த மட்டுக்கும் நல்லதுவே."

மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னார். "நீரு என்னைய வெளிய போன்னு சொல்லிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். போலீசு கீலீசு இல்லாட்டாலும், நடுத்தெருவுல நின்னு நாலு ஏச்சாவது ஏசிருப்பேன். நீரு சிரிச்சிக்கிட்டே பொட்டிய எடுத்தீரு. சிரிக்கவன எப்பிடிவே ஏச?" மன்னித்துவிடும் என்று கேட்டேன். "அது நான் ஒருத்தன் குடுக்கதுல்ல. எம் மவ ரெண்டு மாசம் கடைசி பெஞ்சில தனியா இருந்தா. அவகிட்ட கேளும்" என்றார். பிறகு என் கையிலிருந்த பையைப் பார்த்தார். "துணியா? குடும். யாருக்குச் சட்டை?" மகளுக்குக் கல்யாணம், எனக்குத்தான் சட்டை என்றேன். எழுந்து வந்து டேப்பை என் கழுத்தைச் சுற்றிப் போட்டார். அவர் விரல் என் கழுத்தில் பட்டது. எத்தனையோ தடவை அவர் கழுத்தில் தனித் துண்டைக் கட்டிய கை என்னுடையது. அவர் எல்லாருக்கும் அளக்கிற அதே டேப்பால் எனக்கும் அளந்தார். "பதினாறு. பெருத்துட்டீருவே" என்றார். அப்போதுதான் அவர் மனைவி முதல் தடவையாகப் பேசினார். "முழுக்கையா, அரைக்கையா?" அவ்வளவுதான் கேட்டார். உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். உறை பழுப்பேறியிருந்தது. அதன் மேல் உன் கையெழுத்தில் இருந்த தன் மகள் பெயரைத் தையல்காரர் இரண்டு தடவை தடவிப் பார்த்தார். மகள் இப்போது நாகர்கோவிலில் நர்ஸாக இருக்கிறாளாம். அவளிடம் கேட்டுவிட்டு, அவள் சரி என்றால் நம்பர் தருகிறேன் என்றார். நேற்று உன் அம்மா போனுக்கு வந்திருக்கிறது. நீயே கூப்பிடு. நான் சொன்ன திருப்பூர்க் கதை பொய் என்று முதலில் சொல்.

கிளம்பும்போது கல்யாணத்துக்கு இரண்டு பேரும் வர வேண்டும் என்று கூப்பிட்டேன். அவர் கத்திரியை எடுத்துத் துணியை விரித்துக்கொண்டே சொன்னார். "பாப்போம்."

பஸ் ஸ்டாண்டு வரை அந்த ஒரு சொல் என் கூடவே நடந்து வந்தது. இல்லை என்றால் கோபப்படலாம். சரி என்றால் சந்தோஷப்படலாம். பார்ப்போம் என்றால் அடுத்தவன் மனம் இறங்கும் வரை வாசலில் நிற்க வேண்டும். அவர் என்னிடம் அதைச் சொல்ல உரிமை உள்ளவர். மாப்பிள்ளையிடம் அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது? நீங்கள் மனுவில் எடுக்கச் சொல்லும் வார்த்தையும் இதே ஜாதிதான் என்று பஸ்ஸில் உட்கார்ந்தபோது புரிந்தது. தப்பித்துப் போவதற்கான வழி சட்டத்தில் மட்டும் இல்லை, என் வாயிலும் இருந்திருக்கிறது.

உனக்குப் புத்தி சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனாலும் அப்பன் என்று இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உங்கள் மனுவில் பெட்டியையும் சேர். திருப்பி அனுப்பினவனை உன் சட்டம் பிடிக்கும், வெளியே சொன்னவனையும் பிடிக்கும். நான் திருப்பி அனுப்பவில்லை, சொல்லவும் இல்லை. என்னை எந்தப் பிரிவில் பிடிப்பாய்? ஏதோ ஒரு பிரிவை நீ சொல்வாய், தெரியும். சொல், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் என்னைப் போன்றவனுக்குப் புரிகிற மாதிரி எழுது. இன்னொன்று, உன் வீட்டில் அன்பு என்ற பெயரில்கூட அவருக்கென்று எதையும் தனியாக வைக்காதே. பாவம், உடம்பு முடியாதவர் என்று ஒரு தட்டை முன்னால் நகர்த்தினால்கூட அது பெட்டிதான். மாத்திரையை எங்கே வைப்பது, யாரிடம் சொல்வது என்பதெல்லாம் அவர் பாடு. குழந்தை எப்போது என்று ஊர் கேட்கும். டாக்டரும் நீங்கள் இரண்டு பேரும் பேச வேண்டிய காரியம் அது. என்னிடம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

ஜங்ஷனில் வாங்கி வந்த புதுக் கத்தியை என்ன செய்தேன் என்று கேட்பாய். புதன்கிழமை காலை கடையைத் திறந்ததும் பையைப் பிரித்து எல்லாவற்றையும் மேசையில் மற்றதோடு சேர்த்துப் போட்டேன். முதலில் வந்து உட்கார்ந்தது அதே மளிகைக்கடைக்காரர்தான். புதுப் பிரஷால் நுரை போட்டதும் கண்ணைத் திறந்து பார்த்தார். "என்னவே, எல்லாம் புதுசா மின்னுது. எனக்குன்னே எடுத்து வச்சதோ?" என்றார். "இல்ல அண்ணாச்சி. எல்லாருக்கும் உள்ளதுதான்" என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

கல்யாணத்தன்று காலையில் பந்தலில் பலகை போடுவேன். கடையில் தினமும் ஓடுகிற கத்தி, மூத்த மாப்பிள்ளைக்கு எடுத்த அதே கத்தி. எல்லாருக்கும் ஒடிப்பது போல் பிளேடை ஒடித்துப் பாதியைப் போடுவேன். கீறினால் எல்லாருக்கும் வைக்கிற படிகாரம். கீறாது, அதற்கு நான் பொறுப்பு. முடிந்ததும் துண்டை உதறி, அதே துண்டை என் கழுத்தில் கட்டிக்கொண்டு, அவர் எழுந்த பலகையில் நான் உட்காருவேன். உன் பெரியப்பா எனக்குச் சவரம் செய்வார். சுற்றி நிற்கிற எவனுக்கும் அதில் ஒரு வித்தியாசமும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

போனை எடு. அல்லது அவரிடம் மட்டுமாவது கேட்டு அம்மாவிடம் சொல்லிவிடு. மீசையை வைக்கணுமா, எடுக்கணுமா?

அப்பா